"எந்தக் காற்றுடா?": கற்பனை இனங்களுக்கு ஷாமன் எழுதுவது எப்படி

மண்டபத்தில் ஞாயிறு சாயங்காலம் நாலைந்து பேர் உட்கார்ந்து, பகடை உருட்டிக் கதை விளையாட்டு ஆடுவோம். புதிதாக வந்த தம்பி ஒருவன், தன் பாத்திரமான ஓர்க் ஷாமன் (ஓர்க் ஒரு கற்பனை இனம்; ஷாமன் ஆவிகளிடம் கேட்டுக் காரியம் நடத்துபவன்) கையைத் தூக்கி "காற்றே, வா!" என்று கூப்பிடுவதாகச் சொன்னான். "எந்தக் காற்றுடா?" என்றேன். விழித்தான். அவன் அப்பா படகுக்காரர். வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று பேர் சொல்லித்தான் அவன் வீட்டில் காற்றைப் பற்றிப் பேசுவார்கள்.

படி 1: மந்திரவாதியிலிருந்து ஷாமனைப் பிரியுங்கள்.
மந்திரவாதி ஏட்டில் படித்ததைச் செய்கிறான். ஷாமன் கேட்கிறான், எதிரில் இருக்கும் ஆவி மாட்டேன் என்றும் சொல்லும். கோடாங்கி உடுக்கை அடித்துச் சாமி அழைப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். நாலு தட்டுத் தட்டியதும் சாமி வந்துவிடாது. (ஊர் கும்பிடும் சாமியின் பெயரை மட்டும் விளையாட்டுக்குள் இழுக்காதீர்கள்.)

படி 2: பூதத்துக்கு ஊரும் பருவமும் கொடுங்கள்.
பூதம் என்றால் இங்கே பேய் இல்லை; நீர், காற்று, மண் போன்ற ஐம்பூதங்களின் ஆவி. வெறும் "நீர்" போதாது. பாம்பனுக்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. வாடைக் காலத்தில் (வடகிழக்குப் பருவம்) வடகடல் சீறும், கச்சான் காலத்தில் (தென்மேற்குப் பருவம்) தென்கடல். தனுஷ்கோடிப் பக்கம் பெண்கடல், ஆண்கடல் என்றே சொல்வார்கள். ஒரே இடத்தில் முறை வைத்துக் கோபப்படும் இரண்டு நீர் ஆவிகள் தயாராகக் கிடைக்கின்றன.

படி 3: ஒவ்வோர் இனமும் எப்படிக் கேட்கிறது?
கொம்பு, பச்சைத் தோல் எல்லாம் அப்புறம். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற கணினி விளையாட்டு 2004-இல் வந்தபோது ஓர்க், டாரன் (மாட்டுத் தலை மனிதர்), ட்ரோல் இனங்களுக்கு மட்டும்தான் ஷாமன். 2007-இல் ட்ரேனை என்ற இனம் சேர்ந்தது. 2010-இல் குள்ளர்களும் கோப்ளின்களும். அதில் ஓர்க் பூதங்களை மதித்துக் கேட்கும், கோப்ளின் பேரம் பேசும். எனக்குப் பிடித்தது கோப்ளின்தான். அதை நம் கரைக்குக் கொண்டுவந்தால், வியாபாரியிடம் முன்பணம் வாங்கிக் கடலுக்குப் போகும் ஆள் மாதிரி இருக்கும். கச்சானிடம் மூன்று நாள் காற்றை முன்கூட்டியே வாங்கிவிடும். கடன் தீரும்வரை பிடிக்கும் மீன் முழுக்கக் காற்றுக்குத்தான், அதுவும் காற்று சொல்லும் விலைக்கு!

டாரனைப் பனங்காட்டில் விடுங்கள், மண்ணோடு பேசட்டும். ட்ரேனை நாடிழந்து வந்த இனம். அதை எழுதுமுன், 1964 டிசம்பர் புயல் விட்டுவைத்த தனுஷ்கோடி தேவாலயச் சுவர் பக்கம் கொஞ்ச நேரம் நில்லுங்கள். ஊரைக் கொண்டுபோன கடலிடமே மீன் கேட்க வேண்டிய இனம் எந்தக் குரலில் கேட்கும்? கும்பிடும்போதே சண்டையும் போடும் என்று நினைக்கிறேன்.

படி 4: விலை வையுங்கள்.
பகடையில் தோற்றால் "மந்திரம் பலிக்கவில்லை" என்று முடிக்காதீர்கள். ஆவி வேறு எதையாவது கேட்கட்டும்: ஒரு நாள் பேச்சு, வலையில் பாதி, அம்மா வைத்த பெயர்.

படி 5: எழுதிப் பாருங்கள்.
ஒரே வேண்டுதலை இரண்டு இனங்களின் வாயில் மும்மூன்று வரி எழுதுங்கள். நம் தம்பி மறுவாரம் எழுதி வந்தது இது:

ஓர்க்: "கச்சானே, என் பாட்டனைக் கரை சேர்த்தாய். என்னையும் சேர். கைம்மாறாக என் உடுக்கையைத் தருகிறேன்."
கோப்ளின்: "கச்சானே, போன தடவைக் கணக்கு இன்னும் தீரவில்லை, தெரியும். பாதி வழிக்காவது வீசு. மீதியைக் கரையில் பேசிக்கொள்வோம்."

கோப்ளினுக்குப் பகடை ஆறு விழுந்தது. காற்று பாதி வழி வரைக்கும்தான் வீசியது.