"நல்லாயிருக்கா?" என்று கேட்காதீர்கள்: வன்னியில் மருத்துவக் கருவிகளைச் சோதிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டில் வைத்துப் பார்க்கும் பிரஷர் மெஷின், சுகர் மெஷின், போனில் ஓடும் கிளினிக் செயலி என்று எதைச் சோதிக்க வந்தாலும், பலர் விடும் முதற்பிழை ஒன்றுதான். "அம்மா, இது பாவிக்கச் சுகமா இருக்கா?" என்று கேட்டு, வரும் பதிலை எழுதிக்கொண்டு போவது.

2009இல் போர் முடிந்த பிறகு கேள்விக்கொத்தோடு எத்தனையோ பேர் வன்னிக்கு வந்துபோனார்கள். எங்கள் சனம் கதிரை போட்டு, தேத்தண்ணி தந்து, "ஓம் தம்பி, நல்லாயிருக்கு" என்றே சொல்லும். வந்தவரை மனம் நோக விடக்கூடாது என்ற பண்பு அது. அதைக் கருவிக்குக் கிடைத்த சான்றிதழாக எடுக்காதீர்கள்.

மெஷினைக் கையில் கொடுத்து, "நான் இஞ்ச இல்லையெண்டு நினைச்சு ஒருக்காப் பிரஷர் பாருங்கோ" என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருங்கள். பட்டியைச் சட்டைக் கைக்கு மேலேயே சுற்றுகிறாரா? குழாய் எந்தப் பக்கம் வரவேண்டும் என்று தடுமாறுகிறாரா? அளக்கும்போது பேரனோடு கதைக்கிறாரா? திரையில் மூன்று எண்கள் வந்ததும் நாடித்துடிப்பைப் பிரஷர் என்று கிளினிக் கொப்பியில் எழுதுகிறாரா? கைக்குச் சிறிய பட்டி கட்டினால் அளவு உண்மையைவிடக் கூடக் காட்டும். அதை வைத்து மருந்தும் கூடலாம். இடையில் புகுந்து உதவினீர்களோ, இதில் ஒன்றும் உங்கள் கண்ணில் படாது.

ஆட்களைத் தெரிவதிலும் கவனம் வேண்டும். கம்பஸ் பிள்ளைகள் ஐந்து பேரை ஏசி அறையில் இருத்திப் பார்ப்பது ஆரம்பச் சுற்றுக்குச் சரி. இறுதிச் சோதனைக்கு, அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் 2016 வழிகாட்டல் பாவனையாளர் பிரிவு ஒவ்வொன்றிலும் குறைந்தது 15 பேர் என்கிறது. வன்னியில் அந்தப் பிரிவுகளில் போரில் கை இழந்தவர்களும் கட்டாயம் இருக்கவேண்டும். ஒற்றைக் கையால் அந்தப் பட்டியை எப்படி இறுக்குவது? கையை நுழைத்தால் தானே இறுக்கும் வகை அவர்களுக்கு உதவும். கேட்டால் "சமாளிப்பன்" என்பார்கள்; பார்த்தால்தான் படும் பாடு தெரியும்.

பிழை நடந்ததும் "அவவுக்குப் பாவிக்கத் தெரியாது" என்று எழுதி முடிப்பது அநியாயம். தெராக்-25 என்ற கதிர்வீச்சுச் சிகிச்சை இயந்திரம் 1985க்கும் 1987க்கும் இடையில் அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆறு பேருக்கு அளவு மிஞ்சிய கதிர்வீச்சைக் கொடுத்தது. கோளாறு மென்பொருளில். ஒரு விபத்தில் திரை காட்டியது "பழுது 54" என்று மட்டும். விளங்காத செய்திகள் அடிக்கடி வந்து பழகிப்போனதால், இயக்கியவர் 'தொடர்' விசையைத் தட்டினார். வார்ட்டில் சேலைன் பம்ப் சும்மா சும்மா கத்தினால் தாதி மிஸ்ஸியும் சத்தத்தை நிறுத்தத்தான் செய்வா. எந்த அலாரம், எத்தனை தரம், எதற்கு என்று குறியுங்கள். அவவின் பெயரைக் குறிக்கவேண்டாம்.

கிளினிக் நாள் காலைச் சனநெரிசலிலும், கரண்ட் போன நேரத்திலும் ஒருமுறை சோதியுங்கள். திருத்திய வடிவத்தைத் திரும்பக் கொண்டுவந்து, முன்பு தடுமாறியவர்களின் கையிலும் புதியவர்களின் கையிலும் கொடுத்துப் பார்க்கும் வரை அறிக்கையை அனுப்பாதீர்கள்.