குதிகால் படியாத கணுக்கால் தாங்கி: என் அனுபவம்
பெருமூளை வாதம் உள்ள என் மகன், காலணிக்குள் பாதத்தையும் கணுக்காலையும் பிடித்து நிறுத்தும் பட்டை வைத்த உறையான கணுக்கால் தாங்கியை அணிந்ததும் நடக்க மறுத்தான். கழற்றிப் பார்த்தால் குதிகாலுக்குச் சற்று மேலே தோல் சிவந்திருந்தது, அச்சிவப்பு அரை மணி நேரம் கழிந்தும் மறையவில்லை. மலேசியாவின் சுங்கை சிப்புட் கடைத்தெருவில் பெரிய காலணி வாங்கினோம், பயனில்லை. தடித்த காலுறை, தோட்டத்து வெக்கையில் வியர்வையைத்தான் கூட்டியது. பட்டைகளை இறுக்கியபோது சிவப்பு மேலும் பரவியது.

பிறகு, தாங்கியின் குதிகால் குழியில் முகப்பவுடரைத் தூவி, கறுப்புக் காலுறையோடு அவனை நிற்க வைத்தேன். கழற்றியபோது காலுறையின் முன்பாதத்தில் மட்டும் சிறிது வெள்ளை ஒட்டியிருந்தது; குழியிலிருந்த பவுடர் தூவியபடியே இருந்தது. குதிகால் கீழே படியவே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

கெண்டைக்கால் தசையின் ஒரு பகுதி முழங்காலுக்கு மேலிருந்தே தொடங்குவதால், கால் நீண்டிருக்கையில் இறுகிய தசை குதிகாலை மேலே இழுக்கிறது. ஆகவே அவனை நாற்காலியில் அமர்த்தி, முழங்காலை நன்றாக மடக்கி, குதிகாலைக் குழியின் பின்சுவர்வரை தள்ளிப் பிடித்துக்கொண்டு, முதலில் கணுக்கால் பட்டையையும் அதன் பிறகே கெண்டைக்கால் பட்டையையும் கட்டினேன். பவுடர் முழுவதும் காலுறையில் ஒட்டிக்கொண்டது. எங்களுக்குப் பெரிய நிம்மதி. இயன்முறை சிகிச்சையாளரும் தாங்கியைப் பரிசோதித்து அளவு சரியே என்றார். இப்போது லேசான சிவப்பு வந்தாலும் சில நிமிடங்களில் மறைந்துவிடுகிறது.