ஹோல் யாருக்கு? 550 சதுர அடி வீட்டை இருக்கத்தக்கதாக மாற்றுவது

திருகோணமலையில் வீட்டுப் படம் கீறிக் கொடுப்பது என் தொழில். புது வீட்டுக்குப் படம் கேட்டு வருகிறவர்கள் குறைவு. குடிபுகுந்து சில வருடம் இருந்து பார்த்துவிட்டு, "பிள்ளை, வீட்டுக்குள்ள இருக்கேலாமக் கிடக்கு, ஒருக்கா வந்து பாருங்கோ" என்று கூப்பிடுகிறவர்கள்தான் அதிகம். வாஸ்து பிழையோ என்று கேட்பார்கள். அது எனக்குத் தெரியாத கலை. காற்று எந்தப் பக்கத்தால் வருகிறது, வெயில் எந்தச் சுவரில் விழுகிறது, ஆட்கள் எங்கே இருக்கிறார்கள், இந்த மூன்றையும்தான் நான் பார்ப்பது.

எனக்கு வருபவை பெரும்பாலும் திட்ட வீடுகள். போருக்குப் பிறகு வந்த இந்திய வீட்டுத் திட்டத்தில் மட்டும் வடக்கு, கிழக்கு, மலையகம் எல்லாமாக 50,000 வீடுகள். இங்கே ஒரு வீடு 550 சதுர அடி. இரண்டு அறை, ஒரு ஹோல், ஒரு குசினி. இந்த அளவு போதாது என்று பலர் உடனே இன்னோர் அறை இறக்கப் பார்க்கிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். இருக்கிற 550 அடியில் எத்தனை அடி சும்மா கிடக்கிறது என்று முதலில் பார்ப்போம்.

ஒரு கொப்பி எடுங்கள்

ஒரு வாரம் கொப்பியில் எழுதுங்கள். காலை ஆறு மணிக்கு வீட்டில் ஆர் ஆர் எங்கே இருக்கிறார்கள், பதினொரு மணிக்கு, மூன்று மணிக்கு, இரவு எட்டு மணிக்கு. பெயரும் இடமும் போதும். இந்த யோசனை நானாகக் கண்டுபிடித்ததல்ல. மினெட் டி சில்வா என்ற இலங்கைக் கட்டடக் கலைஞர் 1950களில் கண்டி வட்டபுளுவவில் ஒரு வீட்டுத் திட்டத்துக்குப் படம் கீறியபோது, குடிவரப் போகிறவர்களிடம் எப்படி வாழ்கிறீர்கள், என்ன வேண்டும் என்று வினாக்கொத்துக் கொடுத்துக் கேட்டார். அந்தக் கேள்வியை நான் பார்த்த திட்ட வீடுகளில் ஒருவரும் கேட்கவில்லை. இப்போதாவது நாமே நம்மிடம் கேட்கலாம்.

கொப்பியில் என்ன வரும் என்று எனக்கு ஏறத்தாழ முன்பே தெரியும். பகல் முழுக்க ஹோல் வெறுமை. அம்மா குசினியிலும் பின் படிக்கட்டிலும். அப்பப்பா வேம்புக்குக் கீழே. பிள்ளை கட்டிலில் குப்புறப் படுத்துப் படிக்கிறது. சாப்பாடு விறாந்தையில் பாய் போட்டு. வீட்டிலேயே பெரிய இடமான ஹோலில் செற்றி ஒரு செற், கண்ணாடி சோக்கேஸ், அதற்குள் கப்பும் பொம்மையும் ஒருபோதும் எடுக்காத கோப்பைகளும். தம்பலகாமத்தில் ஒரு அக்காவிடம் இதில் ஆர் இருக்கிறது என்று கேட்டேன். "கலியாணம் பேச வந்தா இருப்பினம்" என்றார். அவருடைய மகளுக்கு அப்போது பதினொரு வயது.

வருகிற விருந்தாளிக்காக வீட்டில் மூன்றில் ஒரு பங்கை ஒதுக்கி வைப்பது எனக்கு ஒருநாளும் சம்மதமில்லை. நான் முதலில் சொல்வது, செற்றியில் நீளமானதை விற்றுவிடுங்கள் அல்லது விறாந்தைக்குக் கொண்டுபோங்கள். சோக்கேஸைக் காற்று வராத ஒரு மூலைச் சுவருக்குத் தள்ளுங்கள். அதன் கீழ்த் தட்டுக்குப் பிள்ளைகளின் புத்தகங்கள் வரட்டும். ஹோலின் நடுவில் நாலு பேர் இருக்கக்கூடிய ஒரு மேசை. அதிலேயே சாப்பாடு, அதிலேயே படிப்பு, அதிலேயே தையல். விருந்தாளி வந்தாலும் மேசையைச் சுற்றி இருந்து தேத்தண்ணி குடிக்கலாம். ஒருவரும் கோபிக்க மாட்டார்கள்.

காற்றுக்கு உள்ளே வரவும் வழி வேண்டும், வெளியே போகவும்

ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி ஒவ்வொரு யன்னலடியிலும் பிடியுங்கள். புகை உள்ளே சாய்ந்தால் அது காற்று வரும் வழி, வெளியே இழுபட்டால் போகும் வழி. நேரே மேலே எழும்பினால் அந்த அறையில் காற்று நிற்கிறது. காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: எதிர்ச் சுவரில் திறப்பு இல்லை, அல்லது இருந்த திறப்பை அலுமாரி மறைத்துவிட்டது. உடைப்பதற்கு முன்னால் அலுமாரியை நகர்த்துங்கள். அதற்குச் செலவு இல்லை. அப்படியும் சரிவராவிட்டால் அறைக்கும் ஹோலுக்கும் இடைப்பட்ட சுவரில், கதவு நிலைக்கு மேலே, ஓர் அடி உயரத்தில் துளையுள்ள கிறில் கல் வைத்து ஒரு திறப்பு விடச் சொல்லுங்கள். சூடான காற்று மேலே ஏறி அதால் போய்விடும். மறைவும் கெடாது. காற்று போகும் திறப்பு வரும் திறப்பை விடச் சிறிதாக இருக்கக்கூடாது.

எங்கள் ஊருக்கு இரண்டு காற்று. மே தொடக்கம் செப்டெம்பர் வரை மேற்கு, தென்மேற்குப் பக்கமிருந்து கச்சான். தரைக்கு மேலால் வருவதால் சூடும் வரட்சியும் புழுதியும் அதோடு வரும். ஒக்டோபருக்குப் பிறகு வாடை. மழையைக் கொண்டுவந்து வடக்கு, கிழக்கு யன்னல்களில் அடிக்கும். ஆகவே எல்லா யன்னலையும் எப்போதும் திறந்து வைப்பது இங்கே சரிவராது. கச்சான் காலத்தில் காலை ஒன்பது மணிக்குள் மேற்குப் பக்கத்தை மூடுங்கள். பின்னேரம் கடற்காற்று எழும்பினால் கிழக்கைத் திறவுங்கள். இரவில் எல்லாப் பக்கமும் திறந்து சுவர்களை ஆறவிடுங்கள். நுளம்புக்குப் பயந்து இரவில் மூடுகிறவர்கள் யன்னலுக்கு வலை அடிக்கட்டும். கட்டிலுக்கு மட்டும் வலை கட்டினால் காற்று உங்களிடம் வந்து சேராது.

மின்விசிறி இருக்கிறதே என்பார்கள். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் மின்வெட்டு இருந்ததை மறந்துவிட்டார்கள் போல. இன்னொன்று, சீலிங் இல்லாத சீற் கூரைக்குக் கீழே மின்விசிறியைத் தொங்கவிட்டால் மேலே தேங்கிய சூட்டையும் சேர்த்துத்தான் தலையில் கொட்டும். அந்த அறையில் நிலத்தில் நிற்கும் விசிறியை யன்னலடியில் வையுங்கள்.

வெயில் வடக்காலும் வரும்

கிழக்கும் மேற்கும்தான் சூடு, வடக்குச் சுவர் எப்போதும் குளிர் என்று மேசன் பாஸ்மாரே சொல்கிறார்கள். எங்கள் இடத்துக்கு அது பாதிதான் சரி. திருகோணமலை பூமத்திய ரேகைக்கு வடக்கே எட்டரைப் பாகையில் இருக்கிறது. சித்திரை வருடப் பிறப்பை ஒட்டிச் சூரியன் நேர் உச்சிக்கு வரும். அதற்குப் பிறகு ஓகஸ்ட் கடைசி வரை நண்பகலில் சற்று வடக்கே சாய்ந்துதான் நிற்கும், வடமேற்கில் மறையும். ஆண்டின் ஆகச் சூடான மாதங்களில் வெயில் படுவது வடக்குச் சுவரும் மேற்குச் சுவரும் என்று ஆகிறது. படுக்கையறை வடமேற்கு மூலையில் இருந்தால் இரவு பத்து மணிக்கும் சுவரில் கை வைத்துப் பாருங்கள், சுடும். அந்த அறையைச் சாமான் வைக்கவோ உடுப்பு மடிக்கவோ விட்டு, படுக்கையைக் கிழக்கு அறைக்கு மாற்றுங்கள். மாற்ற முடியாவிட்டால் அந்தச் சுவருக்கு வெளியே ஒரு பத்தி (சாய்கூரை) இறக்கிக் கிடுகு வேயுங்கள். சுவரில் வெயில் விழாமல் தடுப்பது, விழுந்த பிறகு உள்ளே விசிறி போடுவதை விட நூறு மடங்கு நல்லது. கொடி படரவிடலாம், மரம் வைக்கலாம். கோட்டைப் பக்கம் இருக்கிறவர்கள் மட்டும் முதலில் வேலியைப் பாருங்கள். அங்கே உலாவும் புள்ளிமான்களுக்கு உங்கள் வீட்டுச் செடி, பக்கத்து வீட்டுச் செடி என்ற பேதம் கிடையாது.

அஸ்பெஸ்டஸ் சீற் போட்டவர்கள் கூரைக்கு மேலே வெள்ளைப் பூச்சு அடிக்கலாம், கீழே சீலிங் அடிக்கலாம். சீலிங்குக்கும் கூரைக்கும் இடையில் காற்றோட வழி விடச் சொல்லுங்கள். ஆனால் சீற்றைக் காய்ந்தபடி உரஞ்சவோ துளைக்கவோ விடாதீர்கள். அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

குசினி

ஒரு பெண் நாளில் அரைவாசியை நின்றபடி கழிக்கும் இடம். அங்கே மேடையின் உயரத்தைத் தீர்மானிப்பது யார்? மேசன். அவர் தன் இடுப்புக்குப் பார்த்து 36 அங்குலம் கட்டிவிட்டுப் போவார். ஐந்தடி உயரமான ஒருவர் அதில் வெங்காயம் வெட்டினால் தோளைத் தூக்கியபடிதான் நிற்க வேண்டும். பின்னேரம் பிடரி வலிக்கிறது என்று தைலம் பூசுகிறோம். முழங்கையை மடித்து நின்று, முழங்கையிலிருந்து நாலைந்து அங்குலம் கீழே அளந்து பாருங்கள். ஐந்தடி ஆளுக்கு அது 32 அங்குலத்துக்குக் கிட்ட வரும். கட்டிய மேடையை உடைக்க வேண்டியதில்லை. உங்கள் உயரத்துக்கு ஒரு சிறிய மேசையை ஓடாவியிடம் செய்வித்து யன்னலடியில் போடுங்கள், வெட்டுகிற வேலை எல்லாம் அங்கே.

திருவலையில் இருந்து தேங்காய் திருவுவதும் மீன் வெட்டுவதும் நின்று செய்யும் வேலைகள் அல்ல. நாளாந்தம் மீன் வாங்கும் ஊரில் மீன் வெட்டுவதற்கு ஒரு வீட்டிலும் இடம் கீறுவதில்லை என்பது எனக்குப் பெரிய ஆச்சரியம். கிணற்றடியில் வெயிலில் குந்தியிருந்து, ஒரு கையால் காகத்தையும் பூனையையும் கலைத்துக்கொண்டே வெட்டுகிறோம். பின் கதவுக்கு அருகே, தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில், முழங்கால் உயரத்தில் ஒரு சீமெந்துத் திட்டு கட்டுங்கள். அதற்கு எதிரே இருக்க ஒரு சிறிய கட்டு. மேலே இரண்டு சீற். தண்ணீர் வாழையடிக்கு ஓடச் சரிவு. சாம்பல்தீவில் ஒரு வீட்டில் இதைச் செய்து கொடுத்தோம். இப்போது மாமியும் மருமகளும் பின்னேரத் தேத்தண்ணியையும் அங்கேயே வைத்துத்தான் குடிக்கிறார்கள். ஹோலுக்குச் செய்த செலவில் பத்தில் ஒரு பங்கு வராது.

எரிவாயு வந்துவிட்டது என்று விறகடுப்பை உடைத்தவர்கள், எரிவாயு கிடைக்காத 2022இல் முற்றத்தில் மூன்று கல் வைத்துச் சமைத்தார்கள். இருக்கிற அடுப்பை விட்டுவையுங்கள். புகைபோக்கியைக் கூரை முகட்டுக்கு மேலே எழுப்புங்கள், இல்லையென்றால் கச்சான் அடிக்கும்போது புகை திரும்பி உள்ளே வரும்.

வெளிச்சம்

குசினியிலும் படிப்பு மேசையிலும் ஒரே பிழை: விளக்கு அறையின் நடுவில், ஆள் சுவரைப் பார்த்தபடி. தன் நிழலிலேயே வேலை செய்கிறார். விளக்கை வேலை செய்யும் இடத்துக்கு நேர் மேலே கொண்டுவாருங்கள். வலக்கையால் எழுதும் பிள்ளைக்கு யன்னல் இடப்பக்கம் இருக்கட்டும், இடக்கைப் பிள்ளைக்கு வலப்பக்கம். தொலைக்காட்சியும் படிப்பு மேசையும் ஒரே சுவரைப் பார்க்கக்கூடாது என்பதை நான் சொல்லத் தேவையில்லை. படுக்கையறைக்கு மட்டும் மஞ்சள் வெளிச்சம் தரும் பல்ப் வாங்குங்கள். நீலம் கலந்த வெள்ளை, கடைக்குச் சரி, தூக்கத்துக்குச் சரியில்லை.

வயதானவர்களும் கால் இழந்தவர்களும்

எங்கள் மாவட்டத்தில் சக்கர நாற்காலியும் பொய்க்காலும் பல வீடுகளில் உண்டு. ஆனாலும் கதவுகள் 27, 28 அங்குலத்தில்தான். உள் அளவு 32 அங்குலமாவது வேண்டும், முக்கியமாக மலசலகூடத்துக்கு. சாய்தளம் கட்டும்போது ஓர் அங்குல உயரத்துக்கு 12 அங்குல நீளம். வெள்ளத்துக்குப் பயந்து ஒன்றரை அடி அத்திவாரம் உயர்த்தியிருந்தால் 18 அடி நீளம் தேவை. முன்பக்கம் இடமில்லாவிட்டால் வீட்டின் பக்கச் சுவரோடு ஓட்டுங்கள். குறுக்கிச் செங்குத்தாகக் கட்டினால் தனியே ஏற முடியாது, தள்ளிவிட ஒருவர் வேண்டும். பிறகு எதற்கு அது? கட்டில் முழங்கால் உயரம், 18 அங்குலம் போல. குளியலறைக்கு மினுங்கும் ரைல்ஸ் வேண்டவே வேண்டாம்.

கடலுக்குக் கிட்ட இருக்கிறவர்களுக்கு ஒரு சொல். இரும்புப் பிணைச்சல் ஓரிரு வருடத்தில் கறள் பிடித்துக் கதவு இறுகிவிடும், பித்தளை போடுங்கள். மாரியில் சுவரோடு ஒட்டிய அலுமாரிக்குப் பின்னால் பூஞ்சணம் பிடிக்கும், மூன்று அங்குலம் விலக்கி வையுங்கள்.

வேலையை எப்போது தொடங்குவது என்றால், கொப்பியைச் சித்திரையில் எழுதுங்கள், சூட்டில்தான் வீட்டின் குறை எல்லாம் தெரியும். கூரையும் பத்தியும் செப்டெம்பருக்குள் முடிய வேண்டும். மேசையும் இறாக்கையும் மழைக்குள் ஓடாவிக்குக் கை ஓய்ந்திருக்கும்போது சொன்னால் விலையும் பேசலாம். பெயின்ற் மட்டும் மாசி கழிந்து, சுவர் நன்றாக உலர்ந்த பிறகு.