பெர்குஷன் ரிவால்வர் வெடிக்காவிட்டால்: மிஸ்ஃபயரைக் கையாளும் முறை

ஹேமர் (துப்பாக்கியின் அடிசுத்தி) விழுந்தது, குண்டு போகவில்லை. அந்த நொடியில் உங்கள் கட்டைவிரல் தானாகவே ஹேமரை மறுபடி இழுக்கப் போகும். புதிதாகச் சுடப் பழகுகிறவர்கள் முதலில் அடக்க வேண்டியது அந்த விரலைத்தான்.

காரணம் இருக்கிறது. பெர்குஷன் ரிவால்வர் பழைய வகை. சிலிண்டரின் ஒவ்வொரு அறையிலும் கரிமருந்தையும் குண்டையும் தனித்தனியாக நிரப்பி, அறையின் பின்னே உள்ள நிப்பிள் என்ற சிறு குழாயின் மேல் கேப் என்ற சிறு வெடிமூடியைப் போட வேண்டும். ஹேமர் கேப்பை அடித்தால் தீப்பொறி நிப்பிள் வழியே மருந்துக்குப் போகும். கோல்ட் 1851 நேவி, 1860 ஆர்மி, ரெமிங்டன் 1858 ஆகியவற்றின் நகல்களைத்தான் (உபெர்ட்டி, பியெட்டா தயாரிப்புகள்) போட்டிகளில் அதிகம் பார்க்கலாம். இவை எல்லாவற்றிலும் ஹேமரை இழுத்தால் சிலிண்டர் சுழலும். வெடிக்காத அறைக்குள் தீப்பொறி மெல்லக் கனன்றுகொண்டிருக்கலாம். ஓரிரு நொடி தாமதித்து வெடிப்பதைத்தான் ஹேங்ஃபயர் என்கிறோம். அந்த அறை பேரலுக்கு நேராக நிற்கும்வரை, தாமதமாக வெடித்தாலும் குண்டு இலக்குப் பக்கம் போய்விடும். நீங்கள் ஹேமரை இழுத்தால் அறை பேரலை விட்டு விலகிவிடும். பிறகு வெடித்தால் குண்டு ஃபிரேமிலோ லோடிங் லீவரிலோ (குண்டை அறைக்குள் அழுத்தும் நெம்பி) மோதித் தெறிக்கும். வெடிக்காத பட்டாசைக் குனிந்து பார்க்காதே என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வது இங்கே அப்படியே பொருந்தும்.

படி 1: அசையாமல் 60 வினாடி

பேரல் இலக்கை நோக்கியே இருக்கட்டும். விரலை டிரிகர் கார்டுக்கு வெளியே எடுங்கள். மற்றக் கையை உயர்த்தி, உடம்பைத் திருப்பாமல் "மிஸ்ஃபயர்" என்று ரேஞ்ச் ஆபீசருக்குக் கேட்கும்படி சொல்லுங்கள். மனத்துக்குள் 60 வரை நிதானமாக எண்ணுங்கள். உங்கள் ரேஞ்ச் விதி அதைவிட அதிக நேரம் சொன்னால் அதன்படியே நில்லுங்கள்.

ரிவால்வரின் எடை ஒரு கிலோவுக்கு மேல் இருக்கும். நீட்டிய ஒரு கை ஒரு நிமிடத்துக்குள் நடுங்கத் தொடங்கும். அதனால் பிடியின் அடிப்பாகத்தை மேசையில் ஊன்றிக்கொள்ளலாம். பேரல் மட்டும் இலக்குப் பக்கத்தை விட்டு அசையக் கூடாது. தாங்குகிறேன் என்று இன்னொரு கையைச் சிலிண்டருக்குப் பக்கத்திலோ முன்னாலோ கொண்டுபோகாதீர்கள்.

எம்.எல்.ஏ.ஐ.சி. (முன்வாய் வழியே நிரப்பும் துப்பாக்கிகளுக்கான சர்வதேச அமைப்பு) போட்டிகளில் 30 நிமிடத்தில் 13 குண்டு சுட வேண்டும், அதில் சிறந்த 10 கணக்கில் சேரும். ஒரு நிமிடம் காத்திருப்பதால் அங்கே எந்த இழப்பும் இல்லை. நேரம் பார்த்துச் சுடும் கௌபாய் போட்டியில் மனம் பதறும். கௌபாய் போட்டிகளுக்கான எஸ்.ஏ.எஸ்.எஸ். அமைப்பின் விதிப்படி ஒரு குறி தவறினால் 5 வினாடிதான் கூடும். புதியவர் அந்த 5 வினாடியை விட்டுக்கொடுக்கலாம்.

படி 2: என்ன சத்தம் கேட்டது?

காத்திருக்கும்போதே இதை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். அடுத்து செய்வதெல்லாம் இதைப் பொறுத்தது.

"டிக்" என்று மட்டும் கேட்டிருந்தால் கேப்பே வெடிக்கவில்லை. "பட்" என்று சிறிதாகக் கேட்டிருந்தால் கேப் வெடித்தது, கரிமருந்து பற்றவில்லை. "புஸ்" என்று மந்தமாக வந்து, கையில் உதையும் குறைவாக இருந்தால் குண்டு பேரலுக்குள்ளேயே நின்றிருக்கக்கூடும். மூன்றிலும் ஆபத்தானது இதுதான்.

"டிக்" கேட்டால்

பெரும்பாலும் கேப் நிப்பிளில் முழுதாக உட்கார்ந்திருக்காது. முதல் அடியின் வேகமெல்லாம் கேப்பை உள்ளே தள்ளுவதிலேயே செலவாகிவிடும். அதனால் இரண்டாவது அடியில் அநேகமாக வெடித்துவிடும்.

60 வினாடி முடிந்ததும் ஹேமரை ஹாஃப் காக்கில் (பாதி இழுத்த நிலையில்) நிறுத்துங்கள். இந்த அசைவிலேயே சிலிண்டர் கொஞ்சம் நகரும். காத்திருந்த பிறகே இதைச் செய்யச் சொல்வது அதனால்தான். இப்போது சிலிண்டரைக் கையால் சுழற்றலாம். பின்னாலிருந்து பார்த்தால் அது கடிகாரத் திசையில் சுழலும். ஆகவே ஹேமருக்கு இடப்பக்கம் நிற்கும் அறைதான் அடுத்து மேலே வரும். வெடிக்காத அறையை அங்கே கொண்டுவந்து நிறுத்தி, ஃபுல் காக் செய்து (ஹேமரை முழுதாக இழுத்து) சுடுங்கள்.

மறுபடியும் "டிக்" என்றால் மறுபடியும் 60 வினாடி. பிறகு அந்த அறையை வலப்பக்கத்துக் கேப் போடும் இடைவெளிக்குக் கொண்டுவந்து, மூங்கில் குச்சியாலோ பித்தளைக் கொக்கியாலோ கேப்பை நெம்பி எடுங்கள். புதுக் கேப் போட்டு, மரக்குச்சியால் அழுத்தி உட்காரவையுங்கள். கட்டைவிரலால் அழுத்த வேண்டாம். அழுத்தும்போது வெடித்தால் விரல் கிழியும்.

புதுக் கேப்பும் வெடிக்காவிட்டால் குறை கேப்பில் இல்லை. ஹேமர் விழும் பள்ளத்தைப் பாருங்கள்: முன்னால் வெடித்த கேப்பின் செம்புத் துணுக்கு அங்கே சிக்கியிருந்தால் ஹேமர் முழுதாக விழாது. கோல்ட் வகையில் இது அடிக்கடி நடக்கும். ரெமிங்டனில் பிடியின் முன்பக்கம், ஹேமரை இயக்கும் மெயின் ஸ்பிரிங்கை இறுக்கும் சிறு திருகாணி தளர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டுமே சரி என்றால் நிப்பிளின் நுனி தட்டையாகி அகன்றிருக்கலாம். கேப் பாதியில் நின்றுவிடும். அதற்கு நிப்பிளை மாற்றுவதுதான் வழி.

"பட்", "புஸ்" கேட்டால்

காத்திருந்த பிறகு ஹாஃப் காக்கில் வைத்து, மற்ற அறைகளின் கேப்புகளை ஒன்றுவிடாமல் கழற்றுங்கள். ஒரு கேப் மிச்சம் இருந்தாலும் அடுத்த வேலைக்குப் போகக் கூடாது. கேப் மட்டும் வெடித்தாலே குண்டு அறையிலிருந்து நகர்ந்துவிடலாம். அப்படிப் பேரலில் குண்டு நிற்கும்போது அடுத்ததைச் சுட்டால் பேரல் வீங்கும், அல்லது பிளக்கும்.

சிலிண்டர் சுழல மறுக்கிறதா? குண்டு பாதி அறையிலும் பாதி பேரலிலுமாக மாட்டியிருக்கிறது. ரேஞ்ச் ஆபீசரின் கண் முன்னே, கையைப் பேரலின் நேருக்கு வராமல் பக்கவாட்டில் வைத்து, பித்தளைக் கம்பியை முன்பக்கமாக விட்டுக் குண்டை அறைக்குள் மெல்லத் தட்டிவிடுங்கள். சிலிண்டர் விடுபடும்.

தாராளமாகச் சுழல்கிறது என்றாலும் நம்பிவிடாதீர்கள். கம்பியைப் பேரலுக்குள் விட்டு ஆழம் பாருங்கள். வெறும் பேரலில் கம்பி எதுவரை போகும் என்று வீட்டிலேயே கோடு போட்டு வைத்திருந்தால் ஒரு பார்வையில் தெரிந்துவிடும். குண்டு பேரலில் இருந்தால், கோல்டில் பேரலைப் பிடித்திருக்கும் ஆப்பைத் தட்டி எடுத்துப் பேரலைக் கழற்றுங்கள். ரெமிங்டனில் லீவரை இறக்கி, நடு ஊசியை இழுத்துச் சிலிண்டரை வெளியே எடுங்கள். பிறகு கம்பியால் தட்டிக் குண்டை வெளியேற்றலாம்.

பேரல் காலி, குண்டு அறையிலேயே இருக்கிறது என்றால் நிப்பிள் துளை அடைத்திருக்கும், அல்லது மருந்து நமுத்திருக்கும். மெல்லிய கம்பியால் துளையைக் குத்திவிட்டு, அந்த ஓர் அறைக்கு மட்டும் புதுக் கேப் போட்டுச் சுட்டுப் பாருங்கள். அப்போதும் "பட்" மட்டும்தான் என்றால் மறுபடி 60 வினாடி நின்று, சிலிண்டரைக் கழற்றுங்கள். அந்த அறையின் நிப்பிளைச் சாவியால் திருகி எடுத்து, துளை வழியே தண்ணீர் விடுங்கள். கரிமருந்து நனைந்தால் பற்றாது. நன்றாக ஊறிய பின், பின்பக்கத் துளை வழியே பித்தளை ஊசியால் குண்டை முன்னோக்கித் தட்டுங்கள். கருப்புக் குழம்போடு வெளியே வரும். அறையைத் துடைத்துக் காயவைத்த பிறகுதான் மறுபடி நிரப்ப வேண்டும்.

இது வராமல் இருக்க

மிஸ்ஃபயரில் பெரும்பகுதி எண்ணெயால் வருவது. சேமித்து வைக்கும்போது பூசிய எண்ணெய் அறையிலும் நிப்பிளிலும் தங்கிவிடும். துடைத்த பிறகு, காலி அறை ஒவ்வொன்றிலும் ஒரு கேப் வெடிக்கவையுங்கள். இலக்குப் பக்கத் தரையில் ஒரு புல்லை நோக்கி, பேரல் நுனியை அதன் அருகே பிடித்துச் சுட்டால் புல் ஆட வேண்டும். ஆடாத அறையின் துளை அடைத்திருக்கிறது.

44 காலிபருக்கு இலக்குப் போட்டியில் 20 கிரெய்ன் கரிமருந்து, அதாவது 1.3 கிராம், போதும். புகையில்லா மருந்து எந்த அளவிலும் கூடாது. மிச்ச இடத்தைச் சமையல் ரவையால் நிரப்பினால் குண்டு அறையின் வாய்க்கு அருகில் உட்காரும். 0.451 அல்லது 0.454 அங்குலக் குண்டை அழுத்தும்போது ஈயம் மெல்லிய வளையமாகச் சீவி வர வேண்டும். வளையம் வராவிட்டால் குண்டு தளர்வு. பக்கத்து அறைக்கும் தீ பரவலாம். மருந்தைத் தனித்தனிக் குப்பிகளில் அளந்து கொண்டுபோங்கள், பெரிய குடுவையிலிருந்து நேராக அறையில் ஊற்ற வேண்டாம். குண்டுக்கு அடியில் போடும், கிரீஸ் தடவிய வட்டை மருந்தின் மேல் நேரடியாக வைத்து இரவெல்லாம் விட்டால் மருந்து எண்ணெய் குடித்துவிடும். போட்டிக்குச் சற்றுமுன் நிரப்புவதே நல்லது. கேப் எப்போதும் கடைசியில், சுடும் கோட்டில் நின்று, பேரல் இலக்கை நோக்கியிருக்கும்போது.

கேப்பின் அளவும் முக்கியம். 10-ஆம் எண்ணா 11-ஆம் எண்ணா என்று உங்கள் நிப்பிளில் போட்டுப் பார்த்தே முடிவு செய்யுங்கள். தளர்ந்த கேப்பைக் கிள்ளிப் போடுவதைவிட, சரியாக உட்காரும் எண்ணை வாங்குவது மேல்.

பையில் நிப்பிள் சாவி, துளை குத்தும் கம்பி, கோடு போட்ட பித்தளைக் கம்பி, மரக்குச்சி, சிறு மரச்சுத்தியல், தண்ணீர் பாட்டில் இவை இருக்கட்டும். வெடிக்காமல் கழற்றிய கேப்புகளுக்கு எண்ணெய் ஊற்றிய ஒரு சிறு டப்பாவும் வேண்டும். அவற்றைச் சட்டைப் பையிலோ ரேஞ்ச் குப்பைத்தொட்டியிலோ போட வேண்டாம்.