இரண்டு இனக் கோமாளி மீன்கள், ஒரே தொட்டி: நான் செய்த முறை

என் கடல்நீர்த் தொட்டியின் இடது பக்கம் ஒரு ஒசெல்லாரிஸ் ஜோடி, வலது பக்கம் ஒரு பிங்க் ஸ்கங்க் ஜோடி, இரண்டும் கோமாளி மீன் இனங்கள். இரண்டு வருடமாகச் சண்டை இல்லை. ஆனால் இது இரண்டாவது முயற்சி. முதல் தடவை 4 அடித் தொட்டியில் ஒசெல்லாரிஸ் ஜோடியோடு டொமேட்டோ என்ற இன்னொரு கோமாளி இனத்தின் குட்டி ஒன்றை விட்டேன். எட்டு மாதம் மூன்றும் சேர்ந்தே திரிந்தன. ஒன்பதாவது மாதம் ஒருநாள் காலையில் விளக்கைப் போட்டால், ஒசெல்லாரிஸ் இரண்டும் மேல் மூலையில் ஒடுங்கிக் கிடந்தன. சின்னதன் வால் கிழிந்திருந்தது.

கோமாளி மீன்கள் எல்லாம் முதலில் ஆணாகவே வளரும். இருப்பதில் பெரியது பெண்ணாக மாறும், மாறியது திரும்ப ஆணாகாது. இடத்தைக் காப்பதில் அந்தப் பெண்தான் முன்னால் நிற்கும். குட்டிகள் ஒன்றாக நீந்துவதைப் பார்த்து முடிவெடுத்தது என் தவறு. டொமேட்டோ பருவத்துக்கு வந்ததும் தொட்டி முழுவதும் அதனுடையதாகிவிட்டது.

தொட்டி சைக்கிள் (கழிவைச் சிதைக்கும் பாக்டீரியா வளர்ந்து நிலைக்கும் கட்டம்) முடிந்து, அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம், உப்பு 1.025 (ஒப்படர்த்தி அளவில்), வெப்பம் 26 டிகிரி என்ற நிலையில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன். உப்பு பார்க்க ரிஃப்ராக்டோமீட்டர் (ஒளி விலகலை வைத்து உப்பளவு காட்டும் கருவி) வாங்குங்கள். முள் ஆடும் பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டரில் ஒரு காற்றுக்குமிழி ஒட்டினாலே அளவு மாறிவிடும். ரிஃப்ராக்டோமீட்டரையும் வெறும் தண்ணீரால் மட்டும் சரிபார்க்காமல், 35 பிபிடி (ஆயிரத்துக்கு 35 பங்கு உப்பு) அளவுத் திரவத்தால் சரிபாருங்கள்.

படி 1: இனத்தைத் தேர்ந்தெடுப்பது

சாதுவோடு சாதுவைத்தான் சேர்க்க வேண்டும். ஒசெல்லாரிஸ், பெர்குலா, ஸ்கங்க் வகைகள் ஒப்பீட்டளவில் சாது. டொமேட்டோ, சினமன், கிளார்க்கி முரடு. மரூனை இந்தத் திட்டத்திலேயே சேர்க்காதீர்கள். கன்னத்தில் முள் உள்ள மீன் அது. பெண் மரூன் 15 செ.மீ. வரை வளரும், இன்னொரு கோமாளியைப் பக்கத்தில் விடாது.

இனத்துக்கு இரண்டு மீன் போதும், ஒன்று பெரிது, ஒன்று சிறிது. இரண்டும் பெரிதாக இருந்தால் இரண்டுமே பெண்ணாக இருக்கலாம், அப்போது ஒன்று சாகும்வரை அடித்துக்கொள்ளும். அதே இனத்தில் மூன்றாவதாக ஒன்றை விட்டால் ஜோடி சேர்ந்த இரண்டும் அதை விரட்டிக்கொண்டே இருக்கும்.

படி 2: இடம்

4 அடியில் இதை மறுபடி செய்ய மாட்டேன். என் இப்போதைய தொட்டி 6 அடி, 500 லிட்டருக்கு மேல். லிட்டரைவிட நீளம் முக்கியம். பாறைகளை ஒரே சுவராக அடுக்காமல் இரண்டு தனித் தீவுகளாக வையுங்கள், நடுவில் வெறும் மணல். ஒரு தீவிலிருந்து பார்த்தால் இன்னொன்றின் உள்பக்கம் தெரியக்கூடாது.

படி 3: குவாரன்டைன்

புது மீனுக்கு நான்கு வாரம் தனித் தொட்டி. கோமாளி மீன்களுக்குப் புரூக்லினெல்லா என்றொரு ஒட்டுண்ணி நோய் அதிகம் வரும். உடம்பில் சளி திரண்டு தோல் உரியும், சில நாளில் கொன்றுவிடும். இந்தப் படியைத் தாண்டிப் போகவே போகாதீர்கள்.

படி 4: அறிமுகம்

நான் மாட்டிக்கொண்ட இடம் இது, அதனால் விரிவாகச் சொல்கிறேன். கூச்சமுள்ள இனம் முதலில் போக வேண்டும். ஸ்கங்க் ஜோடியை விட்டு இரண்டு வாரம் கழித்து ஒசெல்லாரிஸைக் கொண்டுவந்தேன். நேராக விடவில்லை, புது மீனைப் பழக்குவதற்கான, துளையிட்ட தெளிவான அக்ளிமேஷன் பெட்டியில் தொங்கவிட்டேன். வலையால் ஆன பெட்டி எனக்குப் பிடிப்பதில்லை, துடுப்பு சிக்கிக்கொள்கிறது.

முதலில் பெட்டியை ஸ்கங்க் தீவுக்கு மேலேயே தொங்கவிட்டேன், பார்த்துப் பழகட்டும் என்று. ஸ்கங்க் பெண் நாள் முழுக்கப் பெட்டியை முட்டிக்கொண்டே இருந்தது. அதன் வீட்டு வாசலில் கொண்டுபோய் வைத்தால் முட்டாமல் என்ன செய்யும்? அப்புறம் பெட்டியை எதிர்க்கோடிக்கு, ஒசெல்லாரிஸ் இருக்கப்போகும் தீவுக்கு மேலே மாற்றினேன். இரண்டாம் நாளே முட்டுவது நின்றது. ஏழு நாள் அங்கேயே வைத்துத் தீனியும் போட்டேன். திறந்துவிடும் அன்று நடுப்பகுதிப் பாறைகள் சிலவற்றை இடம் மாற்றி, விளக்கு அணைந்த பிறகே விட்டேன்.

அடுத்த சில நாள் தொட்டி முன்னால் உட்கார்ந்து பாருங்கள். ஒரு மீன் பக்கவாட்டில் சாய்ந்து உடம்பை வெடவெடவென்று உதறினால் பயப்பட வேண்டாம். பெரியதிடம் பணிந்து போவதன் அடையாளம் அது. வாயோடு வாய் கவ்வுவது, விடாமல் விரட்டுவது, துடுப்புக் கிழிவது, மூலையில் ஒதுங்கித் தின்னாமல் இருப்பது, இவற்றில் எது தெரிந்தாலும் அன்றே பிரித்துவிடுங்கள். நாளைக்குச் சரியாகும் என்று காத்திருக்காதீர்கள். பாறைகளுக்குள் புகுந்த மீனை வலையால் பிடிப்பது பெரும்பாடு, ஒரு பொறிப் பெட்டியை முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

தீனியை எப்போதும் இரண்டு முனையிலும் ஒரே நேரத்தில் போடுங்கள். ஒரே இடத்தில் போட்டால் எல்லை தாண்டப் பழகிவிடும்.

பிற்சேர்க்கை: கருத்துகளில் வந்தவை

கோமாளி மீன் குடியிருக்கும் கடல் சாமந்தியை (அனிமோன்) ஒன்றே ஒன்று வைத்தால் போதுமா என்று பலர் கேட்டிருந்தீர்கள். போதாது. அதற்காகவே சண்டை தொடங்கும். ஜோடிக்கு ஒன்று வையுங்கள், அல்லது ஒன்றுமே வைக்காதீர்கள். தொட்டியில் சாமந்தி இல்லாமலேயே கோமாளி மீன் நன்றாக வாழும். வைப்பதென்றால் தொட்டிக்கு ஆறு மாதமாவது ஆகியிருக்க வேண்டும், நல்ல வெளிச்சமும் வேண்டும். சாமந்தி நகரக்கூடியது, தண்ணீரைச் சுழற்றும் வேவ்மேக்கருக்குக் கட்டாயம் வலைமூடி போடுங்கள். என்னுடைய பபிள் டிப் வகைச் சாமந்தி ஒன்று இரவோடிரவாக நகர்ந்து பக்கத்துத் தீவுக்கே போய்விட்டது, அந்த வாரம் முழுக்க இரண்டு ஜோடிக்கும் உரசல்தான்.

ஒசெல்லாரிஸும் பெர்குலாவும் சேர்க்கலாமா என்று ஒரு வாசகர் கேட்டார். அவை இனம் மாறி ஒன்றோடொன்று ஜோடி சேர்ந்து கலப்புக் குஞ்சு பொரிக்கும், இரண்டு தனி ஜோடியாக நிற்கும் என்று எதிர்பார்க்க முடியாது. வாங்கும்போது குழப்பம் வந்தால் முதுகுத் துடுப்பின் முள்ளை எண்ணுங்கள். பெரும்பாலும் ஒசெல்லாரிஸுக்கு 11, பெர்குலாவுக்கு 10.

இன்னொன்று, முட்டையிட்ட பிறகு சாதுவான ஜோடியும் மாறிவிடும். என் ஒசெல்லாரிஸ் பெண் கண்ணாடி துடைக்கும் கையைக் கடித்தது. முட்டை இருக்கும் நாட்களில் நான் அந்தப் பக்கம் கை வைப்பதில்லை, பாறையையும் அசைப்பதில்லை.