பழைய வெள்ளி டாலரில் சின்னச் சின்ன முத்திரைகளா? தேய்த்துவிடாதீர்கள்!

தாத்தாவின் பெட்டியில் பிரிட்டானியா (பிரிட்டனின் சின்னமான, சூலமும் கேடயமும் ஏந்திய பெண்) உருவம் போட்ட பெரிய வெள்ளி டாலர் கிடைத்து, அதில் சீன எழுத்தோ பூவோ போல ஒரு சின்னப் பள்ளம் இருந்தால், அதை யாரோ கெடுத்துவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். அந்தக் காலத்துச் சீன வணிகர்களும் நாணய மாற்றுக்காரர்களும் வெள்ளி சுத்தமானதுதானா என்று சோதித்து, தங்கள் அடையாளத்தைத் தட்டிவிடுவார்கள். கை மாற மாற முத்திரைகளும் கூடும். சிங்கப்பூரில் புழங்கிய காசின் வரலாறே அதில் இருக்கிறது.

முத்திரை நிஜமா என்று பார்க்க, விளக்கைச் சாய்வாகப் பிடித்து உருப்பெருக்கியில் பாருங்கள். அச்சால் தட்டியிருந்தால் வெள்ளி ஒதுங்கி, பள்ளத்தின் ஓரம் லேசாக மேடு தட்டியிருக்கும். பின்பக்கத்தில் அதே இடம் சற்றுத் தட்டையாகியிருக்கும். வார்ப்பில் செய்த போலியில் ஓரமெல்லாம் மழுங்கலாக, சோப்பில் அழுத்தியது போல இருக்கும். இரண்டு காசுகளில் ஒரே முத்திரை அச்சு அசலாக ஒரே இடத்தில் இருந்தால் கட்டாயம் சந்தேகப்படுங்கள்.

அப்புறம் எடை. இந்தப் பிரிட்டானியா காசு, அதாவது 1895 முதல் 1935 வரை அச்சான பிரிட்டிஷ் வர்த்தக டாலர், 26.95 கிராம், 90 சதவீத வெள்ளி. தேய்மானத்தில் கொஞ்சம் குறையலாம். இரண்டு மூன்று கிராம் குறைந்தாலோ, காந்தத்தில் ஒட்டினாலோ அது வேறு சரக்கு.

புளி, சாம்பல், பாலிஷ் எதுவும் வேண்டவே வேண்டாம். பள்ளத்துக்குள் படிந்திருக்கும் கறுப்புதான் முத்திரை பழையது என்பதற்கு நல்ல அடையாளம்.