சோபாவில் இருந்து பிசி கேம்: புது கன்ட்ரோலர் வாங்கும் முன்

போன மே மாத விடுமுறைக்கு அக்கா மகன் வந்திருந்தான். ஹாலில் இருக்கும் 55 இன்ச் டிவியில் லேப்டாப்பைச் செருகி, கன்ட்ரோலரை அவன் கையில் கொடுத்தேன். பத்து நிமிஷத்தில் முகம் சுருங்கிவிட்டது. "மாமா, நான் பட்டனை அமுக்கினா இவன் கொஞ்சம் யோசிச்சுட்டுதான் குதிக்கிறான்" என்றான். கன்ட்ரோலர் பழசாகிவிட்டது என்று முடிவுகட்டி, மறுநாளே புதுசு ஒன்று வாங்கினேன். அதிலும் அவன் யோசித்துவிட்டுத்தான் குதித்தான்.

கோளாறு டிவியில். இன்றைய டிவிகள் வந்த படத்தை அப்படியே காட்டுவதில்லை. நிறத்தைத் தூக்கும், படத்தில் உள்ள புள்ளி இரைச்சலை நீக்கும், இரண்டு காட்சிகளுக்கு நடுவே தானே ஒரு காட்சியைக் கற்பனை செய்து செருகி அசைவை வழவழப்பாக்கும். கிரிக்கெட் பார்க்க இதெல்லாம் சுகம்தான். ஆனால் ஒவ்வொரு வேலைக்கும் நேரம் பிடிக்கிறது. இந்த ஜோடனை முழுக்க ஓடும்போது தாமதம் 100 மில்லிசெகண்டைத் தாண்டும் டிவிகள்கூட உண்டு. நொடிக்கு 60 ஃப்ரேம், அதாவது 60 தனிப் படங்கள், ஓடும் கேமில் ஒரு ஃப்ரேமின் ஆயுள் 16.7 மில்லிசெகண்ட். அதாவது நீங்கள் அமுக்கியது திரையில் தெரிய ஆறு ஃப்ரேம் கூடுதலாகப் போகிறது. செட்டிங்ஸில் 'கேம் மோட்' என்று ஒன்று இருக்கும். அதைப் போட்டால் இந்த ஜோடனைகளை டிவி பெரும்பாலும் விட்டுவிடும்.

இதில் ஒரு சூட்சுமம். பல டிவிகளில் கேம் மோட் ஒவ்வொரு ஹெச்டிஎம்ஐ ஓட்டைக்கும் தனித்தனி. ஒன்றாம் நம்பரில் போட்டுவிட்டு, அடுத்த வாரம் இரண்டாம் நம்பரில் செருகினால் பழைய கதைதான். அதேபோல, 4கே 120 ஹெர்ட்ஸ் என்று அட்டைப்பெட்டியில் போட்டிருந்தாலும் எல்லா ஓட்டையிலும் அது கிடைக்காது; ஒன்றிரண்டில்தான் இருக்கும்.

சந்தேகம் டிவி மேலா, வேறெதன் மேலாவா என்று கண்டுபிடிக்கக் காசு செலவில்லாத வழி உண்டு. விண்டோஸ் பட்டனையும் பி எழுத்தையும் சேர்த்து அமுக்கி, லேப்டாப் திரையும் டிவியும் ஒரே படத்தைக் காட்டும்படி வையுங்கள். ஏதாவது ஸ்டாப்வாட்சை ஓடவிட்டு, இரண்டும் தெரிகிற மாதிரி போனில் நாலைந்து படம் எடுங்கள். இரண்டு திரையிலும் தெரியும் எண்ணுக்கு உள்ள வித்தியாசம்தான் லேப்டாப் திரையைவிட டிவி பின்தங்கும் நேரம். அன்றைக்கே இதைச் செய்திருந்தால் ஒரு கன்ட்ரோலர் காசு மிச்சம்.

அடுத்த தவறு இதற்கு நேர் எதிர்: குறை இருக்கும் இடத்தில் ஆளுக்கு மேல் ஆள் வைப்பது. 2005இல் எக்ஸ்பாக்ஸ் 360 வந்ததிலிருந்து, பிசி கேம்கள் பெரும்பாலும் அந்தக் கன்ட்ரோலரின் பாஷையைத்தான் எதிர்பார்க்கின்றன. எக்ஸ்இன்புட் என்பார்கள். பிளேஸ்டேஷன் கன்ட்ரோலர் பேசுவது வேறு பாஷை, ஆகவே நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும். பிசி கேம் விற்கும் ஸ்டீம் என்ற கடை மென்பொருளுக்குள்ளேயே ஒருவர் இருக்கிறார், ஸ்டீம் இன்புட் என்ற பெயரில். டிஎஸ்4விண்டோஸ் என்று தனியாக ஒருவர். சில கேம்களுக்கு அந்தப் பாஷை நேரடியாகவே தெரியும். மூவரும் ஒரே நேரத்தில் வேலை செய்தால் என்ன ஆகும்? ஒரு தடவை கீழே அமுக்கினால் மெனு இரண்டு வரி தாண்டும். இரண்டு பேர் ஆடும் கேமில், யாருமே உட்காராத இடத்தில் இரண்டாவது ஆட்டக்காரர் நிற்பார். நீங்கள் நகர்ந்தால் அவரும் நகர்வார். பலர் இதைப் பார்த்துவிட்டு யூடியூபில் தேடி, நாலாவதாக இன்னொரு மென்பொருளை ஏற்றுவார்கள்.

ஒருவரை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டீமில் வாங்கிய கேம் என்றால் ஸ்டீம் இன்புட் போதும், மற்றதை மூடிவிடுங்கள். கேமுக்கே டூயல்சென்ஸ் (பிளேஸ்டேஷன் 5 கன்ட்ரோலர்) தெரியும் என்றால் அந்த கேமின் பிராப்பர்டீஸில் கன்ட்ரோலர் பகுதிக்குப் போய் ஸ்டீம் இன்புட்டை அணைத்துப் பாருங்கள். டூயல்சென்ஸின் டிரிகர், அதாவது ஆள்காட்டி விரலால் இழுக்கும் பட்டன், இறுகும் அந்த வித்தை பிசியில் கிடைக்க வேண்டுமானால், கேம் அதை ஆதரிக்க வேண்டும்; பெரும்பாலும் கேபிளிலும் செருகியிருக்க வேண்டும். வயர்லெஸ்ஸில் ஏன் வரவில்லை என்று மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள்.

கேபிள் என்றதும் நினைவுக்கு வருகிறது. பவர்பேங்கோடு வந்த கேபிளில் கன்ட்ரோலரைச் செருகி, சார்ஜ் ஏறும் விளக்கைப் பார்த்து, "கனெக்ட் ஆயிடுச்சு, ஆனா கம்ப்யூட்டர் கண்டுபிடிக்கல" என்பவர்கள் ஏராளம். அந்த மாதிரி கேபிள்கள் சிலவற்றில் மின்சாரக் கம்பி மட்டும்தான் இருக்கும், டேட்டா கம்பியே இருக்காது. போனைச் செருகிப் பாருங்கள். படங்களை கம்ப்யூட்டருக்கு மாற்ற முடிந்தால் அது நல்ல கேபிள்.

வயர்லெஸ்ஸில் கன்ட்ரோலர் விட்டுவிட்டு வேலை செய்தால் தூரம் காரணம் என்று நினைப்போம். ஹாலில் பத்தடி தூரம் புளூடூத்துக்கு ஒன்றுமே இல்லை. டாங்கிளை, அதாவது சிக்னல் வாங்கும் அந்தச் சின்ன யூஎஸ்பி துண்டை, எங்கே செருகியிருக்கிறீர்கள் என்று பாருங்கள். யூஎஸ்பி 3 ஓட்டையும் அதில் செருகிய ஹார்ட் டிஸ்க்கும் வேலை செய்யும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைப் பக்கம் ரேடியோ இரைச்சல் எழுப்பும். 2012லேயே இன்டெல் இதை அளந்து வெளியிட்டுவிட்டது. புளூடூத், வயர்லெஸ் மவுஸ், கன்ட்ரோலர் டாங்கிள் எல்லாம் பெரும்பாலும் குடியிருப்பது அதே தெருவில்தான். டிவிக்குப் பின்னால் சிபியூவை ஒளித்து, ஹார்ட் டிஸ்க் பக்கத்திலேயே டாங்கிளையும் குத்தி வைத்தால் சிக்னல் எப்படி வரும்? ஒரு சாதாரண யூஎஸ்பி எக்ஸ்டென்ஷன் ஒயர் வாங்கி, டாங்கிளை சோபா பார்க்கும் பக்கமாக வெளியே இழுத்து வையுங்கள். நான் பார்த்தவரை பாதிக்குப் பாதி புகார் இதோடு தீர்ந்துவிடும்.

பழைய கன்ட்ரோலர் வாங்குபவர்கள் கவனிக்க: 2013இல் வந்த முதல் எக்ஸ்பாக்ஸ் ஒன் கன்ட்ரோலரில் புளூடூத் கிடையாது. 2016இல் எக்ஸ்பாக்ஸ் ஒன் எஸ்ஸோடு வந்ததிலிருந்துதான் உண்டு. வித்தியாசம் பார்த்தாலே தெரியும். நடுவில் இருக்கும் எக்ஸ்பாக்ஸ் பட்டனைச் சுற்றிய பிளாஸ்டிக், முகப்போடு ஒன்றாக இருந்தால் புளூடூத் உள்ளது. மேலே இருக்கும் பம்பர் பட்டன்களோடு சேர்ந்த தனித்துண்டாக இருந்தால் இல்லை. அதற்கான வயர்லெஸ் அடாப்டரைத் தனியாக வாங்க வேண்டியிருக்கும். அந்தக் காசையும் கணக்கில் சேர்த்துத்தான் பேரம் பேச வேண்டும்.

வீட்டில் ஸ்விட்ச் ப்ரோ கன்ட்ரோலர் சும்மா கிடக்கிறதே என்று எடுத்தால் இரண்டு இடத்தில் இடிக்கும். நின்டெண்டோவில் ஏ பட்டன் வலது பக்கம், பி கீழே. எக்ஸ்பாக்ஸில் தலைகீழ். சேமிக்கலாமா என்ற கேள்விக்கு நீங்கள் 'வேண்டாம்' அமுக்கிக்கொண்டே இருப்பீர்கள். இது ஸ்டீம் செட்டிங்ஸில் ஒரே டிக்கில் சரியாகும். மற்றது சரியாகாது: அதன் டிரிகர் வெறும் ஸ்விட்ச்தான், கொஞ்சமாக அமுக்குவது என்ற பேச்சே இல்லை. கார் ரேஸில் ஆக்ஸிலேட்டர் ஒன்று முழுசாக, இல்லையேல் இல்லவே இல்லை. ரேஸ் ஆடுபவர்கள் அதைத் தொட வேண்டாம்.

கம்ப்யூட்டர் உள்ளறையில், டிவி ஹாலில் என்றால், கேமின் படத்தை வீட்டு நெட்வொர்க் வழியாக டிவிக்கு அனுப்பும் மென்பொருள் வேண்டும்: ஸ்டீம் லிங்க் அல்லது சன்ஷைன், மூன்லைட் ஜோடி. இங்கே எல்லாரும் செய்யும் தவறு, இன்டர்நெட் பிளானை ஏற்றுவது. வீட்டுக்குள்ளேயே படம் போகிறது. அது ரவுட்டரைத் தாண்டி வெளியே போவதே இல்லை. 300 எம்பிபிஎஸ் போட்டாலும் இதில் ஒரு மாற்றமும் வராது. கம்ப்யூட்டரிலிருந்து ரவுட்டருக்கு ஒரு லேன் கேபிள் இழுங்கள். டிவி பக்கம் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை இருந்தால் போதும். இரண்டு முனையும் வைஃபையில் இருந்தால், ஒவ்வொரு ஃப்ரேமும் ஒரே காற்றில் இரண்டு முறை பயணம் செய்கிறது.

ஸ்டீம் டெக்கையோ (லினக்ஸில் ஓடும் கையடக்க கேம் கருவி) லினக்ஸ் போட்ட பெட்டியையோ டிவிக்கு அடியில் வைக்க நினைப்பவர்கள், முதலில் வீட்டுப் பிள்ளைகள் என்ன ஆடுகிறார்கள் என்று கேளுங்கள். தனியாக ஆடும் கேம்கள் பெரும்பாலும் ஜோராக ஓடும். ஃபோர்ட்நைட், வேலரண்ட் இரண்டும் ஓடாது. ஏமாற்றுக்காரர்களைப் பிடிக்க அவை வைத்திருக்கும் காவல் மென்பொருள் அங்கே இடம் கொடுப்பதில்லை. வாங்கி வந்து பிரித்த பிறகு இது தெரிந்தால் வீட்டில் பஞ்சாயத்துதான்.

லேப்டாப்பை மூடி வைத்து ஆடுபவர்கள், மூடினால் தூங்கப்போகும் செட்டிங்கை மாற்றுங்கள்; மெத்தை மேல் வைக்காதீர்கள், காற்று அடைக்கும். டச்பேட் உள்ள சின்ன வயர்லெஸ் கீபோர்டு ஒன்று டீபாய் மேல் இருக்கட்டும். எவ்வளவு நன்றாக எல்லாம் அமைத்தாலும், ஏதாவது ஒரு கேம் தொடங்கும் முன் மவுஸால் மட்டுமே மூடக்கூடிய ஒரு பெட்டியைக் காட்டும்.

அன்றைக்கு வீணாக வாங்கிய கன்ட்ரோலர் இப்போது இரண்டாவது ஆட்டக்காரருக்கு. பெரும்பாலான கேம்களில் முதலில் இணைந்த கன்ட்ரோலர்தான் ஒன்றாம் நம்பர். பையனுக்கு இது தெரிந்துபோனதால், நான் காபி டம்ளரை வைத்துவிட்டு வருவதற்குள் தன்னுடையதை ஆன் செய்துவிடுகிறான்.